எங்கள் பாட்டின் பெயரைச் சொல்லுங்கள்: கொழும்பின் தமிழ் வானொலிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள தமிழ் வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிப் பணிப்பாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓர் இசையமைப்பாளன். சொந்தமாக மெட்டமைத்து, தெரிந்த கவிஞர்களிடம் வரிகள் வாங்கி, நண்பர்களைப் பாடவைத்து, என் செலவிலேயே வெளியிடுகிறேன். எனக்குப் பின்னால் ஒரு படக் கம்பெனியோ இசை நிறுவனமோ இல்லை. இந்த நகரத்தில் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். புறக்கோட்டைக் கடைகளில் பகல் முழுக்க நின்றுவிட்டு இரவில் பாட்டு எழுதும் மலையகப் பிள்ளைகள், வெள்ளவத்தையில் படுக்கையறைச் சுவரில் ஸ்பொஞ்ச் ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் தம்பிமார், கல்யாண இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்துக்கொண்டே சொந்தமாக ஒரு அல்பத்துக்குக் காசு சேர்க்கும் அண்ணன்மார் எல்லோரும் இதில் அடக்கம்.

உங்களிடம் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடல்களை ஆட்கள் வானொலி கேட்கும் நேரத்தில் போடுங்கள். போடும்போது யார் எழுதியது, யார் இசையமைத்தது, யார் பாடியது என்று சொல்லுங்கள். போட்டதற்குக் கணக்கு வைத்து, உரியவருக்கு உரியதைக் கொடுங்கள். இவ்வளவுதான். ஆனால் இது ஏன் எங்கள் பிழைப்பையே தீர்மானிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பாடலை ஒழுங்காகச் செய்வதற்கு என்ன செலவாகும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நீங்களும் இதே ஊரில்தான் இருக்கிறீர்கள். குரல் பதிவுக்கு மணித்தியாலக் கணக்கில் ஸ்டூடியோ வாடகை, வயலினோ புல்லாங்குழலோ தவிலோ வேண்டுமென்றால் அந்தக் கலைஞருக்குரிய கொடுப்பனவு, பிறகு மிக்சிங், மாஸ்டரிங். வீடியோவைத் தொடாமலே இலட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். 2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் மைக், ஓடியோ இன்டர்பேஸ், கிட்டார் கம்பி எல்லாமே ஏறின. எங்கள் கல்யாண வீட்டுச் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. அதற்கு முன்னால் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல், 2020 கொரோனா. மூன்று நான்கு வருடம் மேடையே இல்லாமல் போனது. நல்ல தவில்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் முச்சக்கர வண்டி ஓட்டப் போனார். இன்றுவரை அவர் முழுநேரமாக வாசிக்கத் திரும்பவில்லை.

"இப்போது எல்லாம் ஒன்லைன்தானே, ரேடியோ எதற்கு?" என்று உங்கள் நிலையங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவையான ஸ்பொட்டிபை 2021 இல் இலங்கைக்கு வந்தது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். யாருடைய தயவும் இல்லாமல் கொழும்பில் இருந்தபடியே டொரொன்டோவிலும் பாரிஸிலும் உள்ள சனத்தைச் சென்றடையலாம் என்று நினைத்தோம். சென்றடையலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் பாட்டை ஏற்றிவிடும் விநியோகச் சேவைகளில் பலவற்றுக்கு டொலரில் வருடக் கட்டணம் கட்ட வேண்டும், அதற்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனை செய்யக்கூடிய வங்கி அட்டை வேண்டும். 2024 இலிருந்து, ஒரு பாடல் பன்னிரண்டு மாதத்துக்குள் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாவிட்டால் அந்தப் பாடலின் பதிவுக்கு ஸ்பொட்டிபை எதுவும் கொடுப்பதில்லை. யூடியூபில் விளம்பரப் பணம் பார்க்க ஆயிரம் சந்தாதாரரும் ஒரு வருடத்துக்குள் நான்காயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது ஷோர்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்களுக்குத் தொண்ணூறு நாளில் ஒரு கோடி பார்வைகள் வேண்டும். அதையும் எட்டிய பிறகு, கணக்கில் நூறு டொலர் சேரும்வரை காசு புறப்படாது. இலங்கையிலிருந்து பார்க்கும் பார்வைக்கு விளம்பரதாரர் கொடுக்கும் விலையோ மிகச் சிறியது. ஆயிரக்கணக்கில் பார்வை வந்த பாட்டுக்காரர் ஒருவரிடம் கையில் எவ்வளவு வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, இணையத்தில் காசு இல்லை என்றாலும் பெயராவது வருமே என்பீர்கள். அந்தப் பெயர் எங்கே காசாக மாற வேண்டும்? மேடையில். மேடை யார் கையில் இருக்கிறது? அனுசரணையாளர் கையில். ஒரு வங்கியிடமோ பிஸ்கட் கம்பெனியிடமோ தொலைபேசி நிறுவனத்திடமோ நிகழ்ச்சிக்கு அனுசரணை கேட்டுப் போனால், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "உங்கட பாட்டு எந்த ரேடியோவில போகுது?" என்பதுதான். கல்யாண வீட்டுக்காரர் இசைக்குழுவைப் பேசும்போதும் அதே கேள்வி. தமிழ்ச் சனத்துக்கு ஒரு பாட்டு உண்மையிலேயே பாட்டாவது வானொலியில் கேட்ட பிறகுதான். கொட்டாஞ்சேனை சலூன்களிலும், காலி வீதித் துணிக்கடைகளிலும், ஹட்டன் பஸ்ஸிலும், முச்சக்கர வண்டியிலும், சமையலறை ஜன்னலிலும் காலையிலிருந்து இரவுவரை ஓடுவது உங்கள் அலைவரிசைகள்தான். யாரும் அங்கே பாட்டைத் தேடித் தட்டச்சு செய்வதில்லை. நீங்கள் போடுவதைத்தான் கேட்கிறார்கள். உங்களிடம் இருக்கும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே சிலவேளை மறந்துவிடுகிறதோ என்று எனக்குத் தோன்றும்.

இப்போது எங்கள் பாடல்களுக்கு நீங்கள் கொடுக்கும் நேரத்தைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலும் வாரத்தில் ஒரு நாள், பின்னிரவில் அல்லது பொழுது புலரும் முன், "நம்மவர் பாடல்" என்ற மாதிரி ஒரு தலைப்பில் ஒரு நிகழ்ச்சி. அதைத் தயாரிக்கும் அறிவிப்பாளர்கள் அன்பானவர்கள். தங்கள் ஓய்வு நேரத்தில் எங்களுக்காக அலைபவர்களும் அவர்களில் உண்டு, அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். ஆனால் அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் பாடியவரின் அம்மாவும் சித்தப்பாவும்தான். ஒரு பாட்டு ஒரு தடவை ஒலித்தால் காதில் தங்காது. புதிய திரைப்படப் பாடல் ஒன்று வந்தால் அதை ஒரு நாளிலேயே எத்தனை தடவை போடுகிறீர்கள்? ஒரு கிழமைக்குள் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடுகிறது. "நேயர்கள் உள்ளூர்ப் பாட்டைக் கேட்பதில்லை" என்று சொல்லும்போது தயவுசெய்து இதையும் சேர்த்து யோசியுங்கள். அந்தத் திரும்பத் திரும்ப என்ற வாய்ப்பு எங்கள் பாட்டு எதற்கும் ஒரு கிழமைகூடக் கிடைத்ததில்லை. கிடைத்த பிறகு நேயர்கள் வேண்டாம் என்றால், அந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்றுக்கொள்வோம்.

திரைப்பாடல்களோடு எனக்குப் பகை இல்லை. நான் வளர்ந்ததே அவற்றைக் கேட்டுத்தான், கீபோர்டில் கைபழகியதும் அவற்றை வாசித்துத்தான். கல்யாண வீட்டில் எனக்குச் சோறு போடுவதும் அவைதான். நான் கேட்பது முழு நாளையும் இல்லை. மணிக்கு ஒரு பாட்டு. காலை ஆறிலிருந்து இரவு ஒன்பதுக்குள், மணித்தியாலத்துக்கு ஒரே ஒரு உள்ளூர்ப் பாடல்.

இது உலகத்தில் எங்கும் நடக்காத காரியம் இல்லை. பிலிப்பைன்ஸில் 1987 இல் வந்த நிறைவேற்று ஆணை, இசை ஒலிபரப்பும் வானொலிகள் மணித்தியாலத்துக்குக் குறைந்தது நான்கு உள்நாட்டுப் பாடல்களைப் போட வேண்டும் என்றது. பிரான்ஸில் 1996 இலிருந்து வானொலிப் பாடல்களில் நாற்பது வீதம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும், அதில் பாதி புதியவர்களுக்கோ புதிய பாடல்களுக்கோ போக வேண்டும் என்ற விதி வந்தது. அமெரிக்கப் பாடல்கள் என்ற பெருவெள்ளத்துக்குப் பக்கத்தில் சொந்தப் பாட்டுக்கு ஒரு வரப்புக் கட்ட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இங்கே அரசாங்கம் சட்டம் போடும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நீங்களாக விரும்பிச் செய்தால் அது இன்னும் அழகு.

தரம் என்று ஒரு சொல் எப்போதும் நடுவில் வந்து நிற்கும். "தரமான பாட்டு வந்தால் போடமாட்டோமா?" சிலவேளை இது நியாயமான கேள்விதான். அரைகுறையாகப் பதிவு செய்து, சுருதி சேராமல், மூன்று நாளில் முடித்துக் கொண்டுவரும் பாடல்களும் உங்கள் மேசைக்கு வருகின்றன. எனக்கும் அனுப்புகிறார்கள், நானும் கேட்கிறேன். அவற்றைத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் ஏன் திருப்புகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். குரல் அமுங்கியிருக்கிறது, உச்சரிப்புச் சரியில்லை, ஒலியளவு எங்கள் ஒலிபரப்புக்குப் பொருந்தவில்லை, என்னவோ ஒன்று. இப்போது நடப்பது என்னவென்றால், பாட்டைப் பென்டிரைவில் கொடுக்கிறோம் அல்லது வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், அத்தோடு சரி. போனதா, கேட்டார்களா, பிடிக்கவில்லையா, ஒன்றும் தெரியாது. ஒரு நிலையத்தின் வரவேற்பறையில் என் பாட்டைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்து, கடைசியில் அதைப் பெற்றுக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று அறிந்தேன். அவரோடு என் பாட்டும் போய்விட்டது. பதில் தெரியாதவன் எதைத் திருத்துவான்?

தரம் எப்படி வருகிறது என்பதற்கு இந்த நகரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1925 டிசம்பரில் தொடங்கிய கொழும்பு வானொலி, பிறகு ரேடியோ சிலோனாகி, 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானது. அதன் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டார்கள் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமையில் பெரும் பங்கு திரைப்பாடல்களுக்குத்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கட்டடத்தில்தான் இசையமைப்பாளர்கள் எம். கே. ரொக்சாமியும் ஆர். முத்துசாமியும் வேலை செய்தார்கள். அங்கேதான் எஸ். கே. பரராஜசிங்கமும் வி. முத்தழகும் ஈழத்து மெல்லிசை பாடினார்கள். அங்கே வாத்தியக் குழு இருந்தது, கலைஞர்களைக் குரல் தேர்வு வைத்துத் தரம் பிரிக்கும் முறை இருந்தது, பாடியதற்குக் கொடுப்பனவு இருந்தது. வானத்திலிருந்து திறமை விழும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. பாடவைத்தார்கள், திருத்தினார்கள், மறுபடி பாடவைத்தார்கள். எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப்பிசை இந்தத் தீவைத் தாண்டியும் போனது. 1998 இல் தனியார் தமிழ் எப்.எம். வானொலிகள் கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கியபோது நாங்கள் எவ்வளவு எதிர்பார்த்தோம் தெரியுமா? அந்த அலைவரிசைகள் நமக்கு நல்ல அறிவிப்பாளர்களைத் தந்தன. ஒரு தலைமுறைப் பாடகர்களையும் தந்திருக்கலாம்.

அடுத்தது பெயர். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

பழைய இலங்கை வானொலியைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவோ பி. எச். அப்துல் ஹமீதோ ஒரு பாட்டைப் போட்டால், படத்தின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர்கள் என்று சொல்வார்கள். படம் பார்க்காதவனுக்கும் கவிஞரின் பெயர் தெரிந்தது அதனால்தான். இன்று எங்கள் பாட்டு அத்திபூத்தாற்போல ஒலிக்கும்போது, விளம்பரம் முடிந்து, நேராகப் பாட்டு, பாட்டு முடியும் முன்னே அறிவிப்பாளரின் சிரிப்பு, அப்புறம் அடுத்த பாட்டு. பெயர் இல்லை. கேட்டவருக்குப் பிடித்திருந்தாலும் எதைத் தேடுவது, யாரைத் தேடுவது? திரைப்பாட்டுக்குப் பெயர் சொல்லாவிட்டாலும் சுவரொட்டியும் தொலைக்காட்சியும் அதற்காகப் பேசும். எங்களுக்காக அந்த ஒரு வரி மட்டும்தான் பேச முடியும்.

இதை ஒரு தயவாக நான் கேட்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒரு படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது இயலுமான அளவில் ஆக்கியவரின் பெயர் துலக்கமாகக் குறிப்பிடப்பட வேண்டும் என்பதை அவருடைய தார்மீக உரிமையாக வைத்திருக்கிறது. பாடலின் ஒலிபரப்பு உரிமையை விற்றுவிட்டவருக்கும் அந்த உரிமை உண்டு. எட்டு வினாடி போதும். "வரிகள் இன்னார், இசை இன்னார், பாடியவர் இன்னார், கொழும்பிலிருந்து." ஹட்டனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ என்றால் அந்த ஊரின் பெயரையும் சொல்லுங்கள். அந்த ஊரில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெயர் காணாமல் போவது பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. பாட்டு உங்கள் கணினிக்குள் போகும்போதே அது தொலைந்துவிடுகிறது. பாடகர் அனுப்பிய கோப்பு "லோக்கல் நியூ 3" என்றோ "தம்பி சோங் பைனல்" என்றோ சேமிக்கப்படுகிறது. அறிவிப்பாளரின் திரையில் அதுதான் தெரியும், அவர் என்ன சொல்வார்? அதனால் பாடலை ஏற்றும் இடத்திலேயே ஒரு சின்ன ஒழுங்கு வேண்டும். பாடலின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், தொடர்பு எண், ஒவ்வொரு ஒலிப்பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடம் கொண்ட குறியீடு, இவ்வளவும் இருந்தால்தான் பாட்டை ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு அது கஷ்டம் இல்லை. நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

இது சரியானால் கணக்கும் கொடுப்பனவும் என்ற மூன்றாவது விஷயமும் பாதி சரியாகிவிடும். படைப்பை ஒலிபரப்பும் உரிமை ஆக்கியவருடையது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு எழுபது வருடமும் அது நிற்கும். ஆனால் எந்தப் பாட்டு எத்தனை தடவை போனது என்ற கணக்கு இல்லாமல் யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? உங்கள் ஒலிபரப்பு மென்பொருள் ஒவ்வொரு பாட்டும் எத்தனை மணிக்குப் போனது என்று ஏற்கெனவே பதிந்துவைக்கிறது. விளம்பரதாரருக்கு அந்தக் கணக்கைக் காட்டித்தானே பணம் வாங்குகிறீர்கள். அதே கணக்கில் உள்ளூர்ப் பாடல்களின் பகுதியை மாதம் ஒருமுறை எடுத்து, கலைஞர்கள் சார்பில் உரிமைப் பணம் வசூலிக்கும் சங்கங்களுக்கும், சங்கத்தில் இல்லாத கலைஞருக்கு நேரடியாகவும் அனுப்புங்கள். ஆரம்பத்தில் தொகை சின்னதாகத்தான் இருக்கும். பரவாயில்லை. தன் பாட்டுக்கு ஒரு காசோலை வந்தது என்று ஒரு கவிஞன் வீட்டில் காட்ட முடிந்தால், அவனுடைய அப்பா "இதை விட்டிட்டு ஒரு வேலையைத் தேடு" என்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்.

பாடல் உங்களுடைய யூடியூப் பக்கத்துக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். நேர்காணலுக்கு அழைத்து, பாட்டையும் முழுதாகச் சேர்த்து ஏற்றிவிடுகிறீர்கள்; பிறகு அதே பாட்டைக் கலைஞர் தன் பக்கத்தில் ஏற்றும்போது, அது நிலையத்துக்குச் சொந்தம் என்று யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கிறது. எனக்கு நடந்திருக்கிறது. என்னுடைய பாட்டு என்னுடையதுதான் என்று நிரூபிக்க நான் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், புதுப்பாட்டுக்கு வர வேண்டிய பார்வையெல்லாம் போய்விட்டது. எழுத்தில் ஒரு பக்க அனுமதிப் படிவம் இருந்தால் இது இரு தரப்புக்கும் வராது.

மேடை பற்றி ஒரு வார்த்தை. சுகததாச அரங்கிலோ வேறு பெரிய மண்டபத்திலோ இந்தியப் பாடகர்களின் நிகழ்ச்சி நடந்தால், ஊடக அனுசரணை உங்களில் ஒருவருடையதாக இருக்கும். அங்கே முதல் அரைமணி நேரம் உள்ளூர்க் குழு ஒன்றுக்கு, ஒழுங்கான ஒலிச் சோதனையோடும் பேசிய சம்பளத்தோடும் கொடுங்கள். "உங்களுக்கு இது நல்ல விளம்பரம்" என்று சொல்லி இலவசமாக ஏற்ற வேண்டாம். ஒலிபெருக்கிக்காரருக்கும் விளக்குக்காரருக்கும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பாடும் பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. இரவு நிகழ்ச்சி முடிந்து வீடு போகும் வழி, வாகனம், வீட்டாரின் கேள்வி. நல்ல குரல்கள் பல திருமணத்தோடு நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வானொலிதான் பகலில், பாதுகாப்பாக, வீட்டார் பெருமைப்படும்படி பாடக்கூடிய இடம். அந்த இடத்தை அகலமாக்குங்கள்.

விளம்பர முகாமையாளர்கள் இதையெல்லாம் கேட்டுத் தயங்குவார்கள் என்று தெரியும். அவர்களுக்கும் இலக்கு இருக்கிறது, மாத முடிவு இருக்கிறது. ஆகவே ஒரே நாளில் எல்லாம் மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதம் முயன்று பாருங்கள். ஒரு நிலையம் போதும். மாதம் பத்துப் பாடல்களை உங்கள் ஆட்களே தேர்ந்தெடுக்கட்டும். பகலில் மணிக்கு ஒன்றாக அவற்றையே திரும்பத் திரும்பப் போடுங்கள், பெயர் சொல்லுங்கள், கணக்கு வையுங்கள். மூன்று மாதம் முடிந்த பிறகு நேயர்களின் அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் எடுத்து எங்களோடு ஒரு மேசையில் உட்காருங்கள்.

பாடல்களைச் சேர்த்து, விவரங்களை நிரப்பி, ஒலியளவைச் சரிசெய்து உங்கள் நூலகத்தில் சேர்க்கும் வேலையை நாங்கள் சம்பளம் இல்லாமல் செய்து தருகிறோம். கொழும்பிலுள்ள சில இசையமைப்பாளர்களும் ஒலிப்பதிவாளர்களும் இதற்கு ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். எந்த நிலையம் முன்வருகிறதோ, அங்கே எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கோப்புகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
கொழும்பு 13 இலிருந்து ஓர் இசையமைப்பாளன்